பூவில் விலை பேசுகிறவர்கள்

இந்த முறை நான் தென்காசிக்குப் போனது ஒருவரைச் சம்மதிக்க வைக்க. அவர் என் அண்ணன் சைலப்பன். நெஞ்சில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை, மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தோப்பு பார்க்கப் போய்விட்டார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். மதினி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், கீழப்பாவூர்க்காரி. ஊர் நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டுவிட்டு எனக்குப் போன் போட்டாள். "நீ சொன்னா கேப்பாவ கோமு. இனி நீ ஒருத்திதான் பாக்கி."

சிங்கப்பூரில் என் வேலையே ஆபத்துக்கு விலை போடுவதுதான். இன்சூரன்ஸ் கம்பெனி. ஆளை நான் பார்ப்பதில்லை. வயது, நோய், தொழில், சிகரெட் உண்டா இல்லையா என்பதெல்லாம் காகிதத்தில் வரும். இவருக்கு பிரீமியம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இதையே பல வருஷமாகச் செய்து தலையும் நரைத்துவிட்டது. அதனால் அண்ணனைச் சம்மதிக்க வைப்பது எனக்கு அன்றாட ஆபீஸ் வேலை மாதிரிதான் என்ற நினைப்பில் விமானம் ஏறினேன்.

தென்காசியில் இறங்கும்போது சாயங்காலம். மாசி மாதம், பகல் வெயில் அடங்கி மேற்கிலிருந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. செங்கோட்டைப் பக்கம் மலையில் ஒரு இடைவெளி உண்டு, மலையாளத்துக் காற்று அந்த வழியாகத்தான் எங்கள் ஊருக்குள் நுழையும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். எவ்வளவு வயதானாலும் அந்தக் காற்று முகத்தில் பட்டால் எனக்கு அழுகை வருகிறது.

ஆட்டோக்காரர், "எந்த ஊர்லருந்து வாரிய?" என்று கேட்டார். "இந்த ஊர்தான்" என்றேன். என் பெட்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டார், அதற்கு மேல் கேட்கவில்லை. வாடகை சொன்னபோதுதான் அவர் என் பதிலை நம்பவில்லை என்று தெரிந்தது.

மதினி கூட்டாஞ்சோறு வைத்திருந்தாள். அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய் எல்லாம் ஒரே பானையில் குழைந்து, மேலே வடகம் வறுத்துப் போட்டது. சிங்கப்பூரில் நானும் இதைச் செய்கிறேன். அங்கே முருங்கைக்கீரை பிளாஸ்டிக் பொட்டலத்தில், பூங்கொத்து மாதிரி விலை ஒட்டி வரும். ருசி மட்டும் வராது. அண்ணன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. இடது கை மாவடு ஜாடிப் பக்கம் போகும்போதெல்லாம் மதினி ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு வாழ்நாள் முழுக்க மாந்தோப்பில் கிடந்தவருக்கு ஒரு வடு கிடையாது என்றால் எனக்கே மனசு கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நான் என் கடையை விரித்தேன். கையில் கொண்டுபோயிருந்த டேப்லெட்டில் கோடுகள் வரைந்த படத்தைக் காட்டினேன். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒரு கோடு, செய்யாதவர்களுக்கு ஒரு கோடு. ஒன்று மெதுவாக இறங்கும், இன்னொன்று சரிந்து விழும். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிகவும் மரியாதையாகப் பார்த்தார்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"அது கோடுல்லா?"

"கோடுதான் அண்ணே. உங்கள மாதிரி இருக்கிறவங்க எல்லாரையும் சேத்துப் போட்ட கோடு."

"அதான் சொல்லுதேன். அது ஊர்க் கணக்கு." கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "வடகரையில எல்லாத் தோப்பும் இந்த வருசம் காய்க்கும்னு ஒருத்தன் வந்து சொல்லுதான்னு வையி. ஒடனே அச்சாரம் குடுத்துருவேனா? எந்தத் தோப்பு, எந்த மரம்னு போயி நின்னு பாக்கணும்லா."

மதினி என்னைப் பார்த்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கணக்கில் தப்புப் போட்டபோது பார்த்த அதே பார்வை. என் ஆபீஸ் வேலை அன்றைக்கே அவ்வளவுதான்.

அண்ணன் தொழிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு விளங்காது. தையில், மாசியில் மா பூக்கும். பிஞ்சு பிடிக்கும் முன்பே, மரத்தில் வெறும் பூ மட்டும் இருக்கும்போதே, தோப்பு முழுவதன் விளைச்சலையும் விலை பேசி வாங்கிக்கொள்வார். அச்சாரம் என்று ஒரு முன்பணம் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பனி, தத்துப்பூச்சி, கோடை மழை, சூறைக்காற்று எல்லாம் அவர் பாடு. தோப்புக்காரர் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். பிஞ்சு நின்றால் லாபம், உதிர்ந்தால் போயிற்று. என் ஆபீசில் இதை யாரிடமாவது சொன்னால் சூதாட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அண்ணனிடம் அந்த வார்த்தையைச் சொன்னவர்களுக்கு எங்கள் வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாடு கிடையாது. காரணம் எங்கள் அப்பா. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அண்ணனே, "வா, குத்தாலம் போயிட்டு வருவோம்" என்றார். சீசன் இல்லாத குற்றாலத்துக்கு யாரும் விருந்தாளியைக் கூட்டிப் போகமாட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். மெயினருவியில் தண்ணீர், பாறையை நனைக்கிற அளவுக்கு விழுந்துகொண்டிருந்தது. கீழே நாலைந்து பேர் வரிசையில் நிற்காமல், அடிபிடி இல்லாமல், சோம்பலாகக் குளித்தார்கள். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் தன் காலுக்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குரங்குகள் பூட்டிய கடைகளின் கூரையில் உட்கார்ந்து, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

சிப்ஸ் கடைக்காரர் ஒருவர் பூட்டிய கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சீசனுக்கு மட்டும் கடையை ஏலத்தில் எடுக்கிறவர். ஆனியில் சாரல் இறங்கி அருவி விழுந்தால் கூட்டம் வரும், கடை ஓடும். சாரல் ஏமாற்றினால் வறுத்த சிப்ஸை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒடம்பு எப்படி இருக்கு?"

"அது கெடக்கட்டும். வார சீசனுக்கு எடுக்கியா?"

"எடுக்காம? போன சீசன்ல மழ கவுத்துட்டு. விட்டத இந்த சீசன்ல பிடிச்சிருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்தில் ஒரு சீன அம்மா இருக்கிறார். வாரம் தவறாமல் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டுக்கு வரிசையில் நிற்பவர். லிஃப்டில் என்னைப் பார்த்தால் தன் மொழியும் ஆங்கிலமும் கலந்து, "போன வாரம் ஒரு நம்பரில் போயிற்று, இந்த வாரம் பிடித்துவிடுவேன்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சிப்ஸ் கடைக்காரர் முகத்திலும் அதே வெளிச்சம். திரும்பி நடக்கும்போது இதை அண்ணனிடம் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்றேன்.

"எப்படி ஒண்ணாகும்? அந்தம்மா நம்பரப் பாத்தா வாங்குது? இவன் தெனமும் மலையப் பாக்கான்லா."

"மலையப் பாத்தா மழ வருமா வராதான்னு தெரிஞ்சிருமா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "தெரியாது. ஆனாலும் பாக்கான்."

பாலத்துக்குப் பக்கத்தில் நின்றார். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி, தண்ணீரைப் பார்க்கிறவர் போலக் குனிந்துகொண்டார். தோள் ஏறி இறங்கியது. "வேடிக்க பாக்கேன்" என்றார். நானும் வேடிக்கை பார்த்தேன்.

இதே இடத்தில் அவர் சிரித்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற வயது. அந்த மாசியில் ஒரே இரவு மழை, எடுத்திருந்த தோப்புகளில் பூ மொத்தமும் கொட்டிவிட்டது. காலையில் சேறும் பூவும் ஒட்டின காலோடு வந்த அண்ணன், யாரிடமும் ஒன்றும் பேசாமல், எங்கள் எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டி வந்தார். குளிக்க வைத்தார். கையிலிருந்ததற்கெல்லாம் அல்வாவும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் முந்தினதைவிடப் பெரிய தோப்பாக எடுத்தார். அது காய்த்துக் கொட்டியது. அந்தக் காயில்தான் நான் பாளையங்கோட்டையில் கல்லூரி சேர்ந்தேன். என் படிப்பு, என் வேலை, நான் ஏறி வந்த விமானம் எல்லாமே ஒரு பூவின் மேல் அவர் துணிந்து சொன்ன விலை. அவர் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தில் பாதி நன்றி, மீதிக்குப் பெயர் தெரியாது. அந்த மனிதர் தன் உயிர் விஷயத்தில் மட்டும் இப்படிப் பின்வாங்குகிறாரே என்று கோபமாகவும் வந்தது.

அடுத்த நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் காலையிலேயே மறுபடியும் கோட்டுப் படத்தை எடுத்துவிட்டிருந்தேன். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மதினி எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஆரியங்காவில் ஒரு வைத்தியசாலையில் முழங்கால் தைலம் கிடைக்கும், வாங்கி வா என்றாள். எல்லை தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

புளியரை தாண்டி மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் டயர் போயிற்று. சிங்கப்பூரில் பஸ் நின்றால் எல்லோரும் போனைக் குனிந்து பார்ப்பார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. இங்கே எல்லோரும் இறங்கி, டிரைவருக்கு எப்படி ஜாக்கி போடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நிழலில் நின்ற இரண்டு பேர் அதற்குள் பந்தயம் கட்டிவிட்டார்கள்.

"நம்ம சக்கரம் மாட்டுததுக்கு முன்னாடி பின்னால வார பஸ் வந்துரும்."

"வராதுலே. அதுக்குள்ள மாட்டிருவாவ."

"ஆரியங்காவு பழம்பொரி. கட்டுதியா?"

"கட்டுதேன்."

மலையாளத்து வாழைப்பழ பஜ்ஜிதான் பந்தயம், கண்டக்டர் நடுவர். கூடையோடு நின்ற ஒரு அம்மா, "என்னையும் சேத்துக்கோங்க, பின்னால வாரதுதான் மொதல்ல வரும்" என்று பின்னால் வரும் பஸ் பக்கம் சேர்ந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் டயர் பக்கம் சேர்ந்தேன். டிரைவரின் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மலையாளி தன் நண்பரிடம் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. இந்தப் பாண்டிக்காரர்களுக்கு, அதாவது தமிழர்களான எங்களுக்கு, பந்தயம் கட்டச் சாவு வீடுகூடப் போதும் என்பது அதன் சாரம்.

கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வரும் பஸ் வந்தது. வந்தது, நிற்காமல் போய்விட்டது. அது வந்ததாகக் கணக்கா இல்லையா என்று மலை உச்சி வரை சண்டை. வந்தது வந்ததுதான் என்று கூடைக்கார அம்மா. நிற்காதது வராததுக்குச் சமம் என்று நாங்கள். கடைசியில் கண்டக்டர் அவரவர் பழம்பொரியை அவரவர் வாங்கித் தின்னுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். இத்தனை சந்தோஷமாக நான் எங்கேயும் தாமதமானதில்லை.

ஆரியங்காவில் இறங்கியதும் அந்த மலையாளி நேராகப் போய் கையகலத்துக்கு லாட்டரிச் சீட்டு வாங்கினார். பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செக்போஸ்ட் தாண்டினால் அது காத்திருக்கிறது. குடையின் கீழே ஒரு பெண் பலகையில் சீட்டுகளைக் கிளிப் போட்டு அடுக்கி வைத்திருந்தாள். சேச்சி, எடுத்துப் பாருங்கள், எடுக்காமல் போனால் அதே நம்பருக்கு விழுந்தால் தூக்கம் வருமா என்றாள் மலையாளத்தில். நல்ல விற்பனைக்காரி. எங்கள் கம்பெனிக்கு இப்படி ஒருத்தி இல்லை.

தைலத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மறுபடி அவள் முன்னால் நின்றேன். புதுச் சீட்டின் அச்சு மை வாசனை. எங்கள் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இந்த வாசனைதான். பஸ் ஸ்டாண்டில் தினமும் சீட்டு வாங்குவார். முடிவு வரும் நாளில் சலூனில் உட்கார்ந்து பேப்பரைத் தானே பிடித்துக்கொண்டு பார்ப்பார், வேறு யாரையும் பார்க்கவிட மாட்டார். ஒவ்வொரு நம்பராக விரலை நகர்த்தி, கடைசி வரிக்கு வந்து, பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். "அடுத்த தடவ பாப்போம்ட்டி." கோயிலுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த வயல் அப்படித்தான் போயிற்று. அண்ணன் படிப்பை விட்டுத் தோப்பில் இறங்கினது அதனால்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் லாட்டரி என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஒரு கோடை பம்பர் சீட்டு வாங்கி, பர்ஸில் பாஸ்போர்ட்டுக்குள் ஒளித்து வைத்தேன். பம்பரின் குலுக்கல் பங்குனிக் கடைசியில் என்றாள் அவள்.

மறுநாள் அண்ணன் தானாகவே பேசினார். "வடகரையில ஒரு தோப்பு பாக்கணும். வாரியா?" மதினி அவருக்குத் தெரியாமல் என்னிடம் மாத்திரைப் பொட்டலத்தைத் திணித்தாள். "இந்த ஒடம்போட புதுசா தோப்பு எடுக்கணுமா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டுக் கிளம்பினேன்.

தோப்பு வாசலில் வாசுதேவநல்லூரிலிருந்து வந்த தரகர் காத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அந்த மணம். மாம்பூ மணத்தை இனிப்பு என்றும் சொல்ல முடியாது, புளிப்பு என்றும் சொல்ல முடியாது. தலையில் பிசுபிசுவென்று ஏதோ விழுந்தது. சின்ன வயதில் அண்ணன் சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துத் தோப்புக்குக் கூட்டி வருவார். வீடு திரும்பினால் என் முடியிலிருந்து பூவைப் பிரித்தெடுக்க அம்மாவுக்கு ஒரு பொழுது ஆகும்.

அண்ணன் மரம் மரமாகப் போனார். ஒரு கொத்தை வளைத்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். "பூவு எல்லாம் காயாகாது. பாதி சும்மா கொட்டும். மிச்சத்தத்தான் பாக்கணும்." பிறகு ஒரு மரத்தின் கீழ் நின்று கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். இது எங்கள் பழைய விளையாட்டு. தேனீக்களின் இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்டால் அந்த மரத்தை நம்பக்கூடாது. இடைவிடாமல் கேட்டால் பிஞ்சு நிற்கும். அந்தத் தோப்பு முழுக்க இரைந்துகொண்டிருந்தது.

நாலைந்து மரத்துக்கு ஒரு முறை அண்ணன் அடிமரத்தில் கையை ஊன்றிப் பட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பட்டையில் பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்க நிற்கிறார். தரகருக்குத் தெரியாமல் நிற்க இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விலை பேசும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கை மேலும் தரகர் கை மேலும் போட்டார். மாட்டுச் சந்தையில் பேசுகிற முறை அது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வது. இப்போது யாரும் இப்படிப் பேசுவதில்லை, அண்ணனுக்காகத் தரகர் கையைக் கொடுத்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் இல்லை. துண்டு மட்டும் அசைந்தது. முடிந்ததும் தரகர் தோப்புக்காரருக்குப் போன் பேச வெளியே போனார். அண்ணன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். எனக்கும் இடம் விட்டார்.

"நல்ல தோப்புட்டி. வைகாசில பாரு, கொம்பு தாங்காது."

"வைகாசில இத யாரு பறிப்பா?"

அண்ணன் மடியில் விழுந்த பூவைத் தட்டிவிட்டார். நான் கோட்டுப் படத்தை எடுக்கவில்லை.

"பயந்துட்டேன்னு நெனைக்கியா?" என்றார். "பயம் இல்ல கோமு. நம்ம அப்பா கண்ண மூடிக்கிட்டுச் சீட்டு வாங்குனாவ. நான் பாக்காம எதுலயும் கை வச்சதில்ல. டாக்டரு சொல்லுதாரு, மகன் சொல்லுதான், நீ கோடு போட்டுக் காட்டுத. என் நெஞ்சுக்குள்ள போயி நான் ஒரு தடவ பாத்தேனா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்கேன் எடுத்த அன்று அவர் மகன் டாக்டரின் திரையைத் தன் போனில் வீடியோ பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். எனக்கு அனுப்பினான், மதினிக்கு அனுப்பினான், பெங்களூரில் தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் அனுப்பினான். ஒருவரும் அண்ணனுக்குக் காட்டவில்லை. பார்த்தால் பயந்துவிடுவார் என்று நினைத்தோம். சந்தையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் மரத்தைக் காட்டிவிட்டு, வாங்க வந்தவர் கண்ணை மட்டும் கட்டி வைத்திருக்கிறோம்.

போனை எடுத்து, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக் காட்டினேன். கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ துடித்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இதா?"

"இதுதான் அண்ணே. இந்த எடத்துல மூணு இதழ் மாதிரி இருக்குல்லா, அது விரிஞ்சு மூடணும். தடிச்சுப்போயி விரிய மாட்டேங்கி. இத எடுத்துட்டு வேற வைப்பாங்க."

மறுபடி போடச் சொன்னார். மறுபடி. நெற்றியைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கொத்தைத் தட்டிப் பார்க்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"கருகின பூவு மாதிரில்லா நிக்கி" என்றார். "சவம், இது இவ்வளவு கஷ்டப்பட்டா அடிச்சிக்கிட்டு கெடக்கு. எனக்குத் தெரியாமப் போச்சே." தன் நெஞ்சைப் பற்றி அல்ல, யாரோ வேலையாளைப் பற்றிப் பரிதாபப்படுகிறவர் போலச் சொன்னார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளிலிருந்து துண்டை எடுத்து என் கைகள் மேல் போட்டார். உள்ளே அவர் கை வந்தது. காய்த்துப்போன, கொஞ்சம் குளிர்ந்த கை. ஆபரேஷன் செய்தால் பிழைப்பேன் என்று நீ எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்கிறார். வாயால் கேட்க அவருக்கு வராது. நான் பத்து விரலையும் விரித்துக் கொடுத்தேன். ஒரு விரலை மடக்கினார். "பத்துங்கவன் பொய்க்காரன்" என்றார் மரத்தைப் பார்த்துக்கொண்டு. சரி என்று விட்டேன். இன்னொரு விரலை மடக்கப் பார்த்தார். நான் மடங்கவில்லை. அழுத்தினார். நானும் விறைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் காகிதத்தில் எத்தனையோ பேருக்கு விலை எழுதியிருக்கிறேன், ஒரு விலைக்காகவும் இப்படி மல்லுக்கட்டியதில்லை. கடைசியில் அவர் விட்டுவிட்டார். மீதி விரல்களைச் சேர்த்து மூடித் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். சந்தையில் அப்படிப் பிடித்தால் முடிந்தது என்று அர்த்தம்.

"அச்சாரம் குடு" என்றார்.

பர்ஸைத் திறந்தேன். ஆட்டோவுக்கும் பழம்பொரிக்கும் போக அதில் ஊர்ப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. பாஸ்போர்ட்டுக்குள் இருந்த லாட்டரிச் சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒளிக்க நேரமில்லை. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், திட்டு விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கும் அந்த வாசனை ஞாபகம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்பா புத்தி ஒனக்கும் வந்துட்டு" என்றார். அவ்வளவுதான் திட்டு. பிறகு, "குலுக்கல் என்னைக்கு?"

"பங்குனிக் கடைசில."

வெளியே தரகர் போன் பேசி முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அண்ணன் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினார்.

"பேப்பர நான்தான் பாப்பேன். நீங்க யாரும் முன்னாடி பாக்கப்படாது."